‘டெம்பெஸ்ட்’ நாடகம்: மூலமும் சுருக்கமும்

ஆங்கில வகுப்பில் செவ்வியல் நாடகத்தை முழுமையாகப் பயிற்றுவதா, சுருக்கிப் பயிற்றுவதா என்னும் வினாவிற்குக் கால அளவையும் மாணவரின் மொழித்திறனையும் கொண்டே பெரும்பாலும் விடை காணப்படுகிறது. சுருக்கத்தால் பொருள் எவ்வாறு மாறுகிறது என்பதை ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

உடன்பிறந்தோரான சார்லஸ் லாம், மேரி லாம் ஆகியோரின் ‘ஷேக்ஸ்பியர் கதைகள்’ 1807இல் வெளிவந்தது. அதிலுள்ள 20 கதைகளுள் ‘டெம்பெஸ்ட்’ உள்ளிட்ட 14 கதைகள் மேரி எழுதியவை. முதற்பதிப்பிலோ சார்லஸின் பெயர் மட்டுமே இடம்பெற்றது. மூலத்தைப் பின்னர்ப் பயிலவிருக்கும் இளையோர்க்கான அறிமுகம் என்றே அந்நூலின் முன்னுரை கூறுகிறது. ஆயினும் துணைப்பாடமாக வந்த அந்நூல், மூலத்தைக் காணாத மாணவர்க்கு மூலமாகவே நின்றுவிடுகிறது.

மூலத்தில் காலிபன் தன் வழக்கைத் தானே உரைக்கிறான். தாய் சைக்கோராக்ஸ் வழியே தீவு தனக்குரியது. தொடக்கத்தில் அன்புகாட்டிய புரோஸ்பரோவுக்குத் தீவின் ஊற்றுகளையும் வளநிலங்களையும் காட்டியவன் தானே. கற்பிக்கப்பட்ட மொழியால் பெற்ற பயன் சபிக்கத் தெரிந்ததே என்பன அவன் வாதங்கள். மிராண்டாவை மானபங்கம் செய்ய முயன்றான் என்னும் குற்றச்சாட்டைப் புரோஸ்பரோ எதிர்வைக்கிறான். காலிபன் அதனை மறுப்பதில்லை. இருதரப்பையும் கேட்டு முடிவு காணும் பொறுப்பு அவையோர்க்கு விடப்படுகிறது.

மேரி லாமின் கதையில் காலிபனின் வழக்கும் இல்லை. அவன்மீதான குற்றச்சாட்டும் இல்லை. தாய்வழி வந்த தீய இயல்பால் நல்லது எதனையும் கல்லாதவன், ஆதலின் அடிமைபோல் உழைக்கிறான் என்று கதைசொல்லியே தீர்ப்புக் கூறிவிடுகிறார். ஸ்டெஃபானோ, டிரிங்குலோ ஆகியோருடன் அவன் செய்யும் கலகச்சூழ்ச்சியும் நீக்கப்பட்டுள்ளது. நாடகத்திற்கு உயிரான வாதமும் எதிர்வாதமும் ஒருவர் கூற்றாக ஒடுங்குகின்றன.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டியுள்ள கோவிந்தாபுரம் போன்ற ஊர்களில் இவ்வேறுபாடு தனிக்கவனம் பெறவேண்டியது. வீட்டில் தமிழும் அலுவலகங்களில் மலையாளமும் பாடத்தில் ஆங்கிலமும் எதிர்கொள்ளும் தமிழ் மாணவர்க்கு, கற்பிக்கப்பட்ட மொழி யாருக்கு உரியது, அதனைக் கொண்டு கற்றவர் யாது பேசலாம் என்னும் வினா அன்றாட வாழ்விலேயே எழுவது. அவ்வினாவை எழுப்பும் பாத்திரத்தையே சுருக்கம் ஊமையாக்கிவிடுகிறது.

முழு நாடகத்திற்கும் காலம் போதாது என்னும் ஆசிரியர் கூற்றுப் புறந்தள்ளத்தக்கதன்று. நானூறு ஆண்டுப் பழமையுடைய ஆங்கிலம் பிறமொழியாளர்க்குக் கடினமே. எனினும், முதல் அங்கம் இரண்டாம் காட்சியில் காலிபன் வாதிடும் பகுதி ஏறத்தாழ ஐம்பது அடிகளே. கதைப்போக்கிற்கு லாம் நூலையும், வாதத்திற்கு இப்பகுதியின் மூலத்தையும் தமிழ் விளக்கத்துடன் இணைத்துப் பயிற்றலாம். பாடநூற்குச் சுருக்கத்தைத் தேர்வோர், எத்தனை பக்கம் குறைந்தது என்பதோடு எவர் பேச்சு நீங்கியது என்பதையும் நோக்குதல் வேண்டும்.