காட்டுக்குள் போக முடியாதவர்கள்

சூழலியல் போராட்டங்களுக்கு வருபவர்களில் பலர் சில வருடங்களில் காணாமல் போய்விடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் வழக்கமான பதில் ஒன்று வரும்: ‘ரொம்ப அலைஞ்சாங்க, தளர்ந்துட்டாங்க.’ ஜோவன்னா மேசி இந்தப் பதிலை ஏற்கவில்லை. அலைச்சலைவிட, அழாமல் அடக்கிவைத்த துக்கம்தான் ஆளை அதிகமாகத் தின்கிறது என்பது அவருடைய வாதம். 1983ல் வந்த ‘டெஸ்பேர் அண்ட் பர்சனல் பவர் இன் த நியூக்ளியர் ஏஜ்’, மோலி யங் பிரவுனுடன் எழுதிய ‘கமிங் பேக் டு லைஃப்’ (1998), கிறிஸ் ஜான்ஸ்டனுடன் எழுதிய ‘ஆக்டிவ் ஹோப்’ (2012) என்று அவர் திரும்பத் திரும்ப வந்து நின்றது இந்த இடத்தில்தான். 2025 ஜூலையில், 96 வயதில், மேசி மறைந்தார். இப்போது அவரை மொத்தமாக வாசிக்கும்போது எனக்குப் பெரிய மரியாதையும் ஒரு பெரிய மனக்குறையும் சேர்ந்தே எழுகின்றன.

மரியாதை எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மேசி பௌத்தத்தையும் பொது அமைப்புக் கோட்பாட்டையும் இணைத்து ஆய்வு செய்தவர். உயிருள்ள எந்த அமைப்பும் தன் நிலைமையைப் பற்றித் தனக்கே வந்துசேரும் தகவலை வைத்துத்தான் தன்னைத் திருத்திக்கொள்கிறது. உலகத்துக்காக நாம் படுகிற வலியும் அப்படி ஒரு தகவல்தான் என்கிறார் அவர். மென்பொருள்காரர்களுக்கு இது உடனே புரியும். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வரிலிருந்து அலர்ட் மேல் அலர்ட்டாக வந்தால், யாராவது அதை மியூட் செய்துவிடுவார்கள். போன் அமைதியாகிவிடும், சர்வர் சரியாகியிருக்காது. மியூட் பண்ணினவருக்கும் தூக்கம் வராது, ஏனென்றால் எங்கோ எதுவோ எரிந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியும். செயல்பாட்டாளரின் சோர்வை மேசி ஏறக்குறைய இப்படித்தான் விளக்குகிறார். துக்கம் நோயல்ல, அதற்கு மருந்தும் வேண்டாம், காதுகொடுத்தால் போதும்.

இதற்காக அவர் உருவாக்கிய பயிற்சிகள் நான்கு படிகளில் நகர்பவை: நன்றியில் தொடங்குவது, வலிக்கு மரியாதை தருவது, புதிய கண்களால் பார்ப்பது, வெளியே போய்ச் செயல்படுவது. இந்த வரிசையில் ஒரு கணக்கு இருக்கிறது. கையில் இருப்பது என்ன என்று தெரிந்தவர்தான் இழந்தது எவ்வளவு என்று அளக்க முடியும்.

ஆனால் அவருடைய முறையின் உண்மையான சோதனை நடந்தது வசதியான எந்தப் பயிற்சி முகாமிலும் அல்ல, நோவோசிப்கோவில். செர்னோபில் விபத்தின் கதிரியக்க மழை விழுந்த ரஷ்ய நகரம் அது. 1992ல் மேசி அங்கே போனார். தலைமுறை தலைமுறையாகக் காட்டோடு வாழ்ந்த மக்கள். அந்தக் காட்டுக்குள் இனி அவர்கள் காலடி வைக்க முடியாது. விபத்தைப் பற்றிப் பேசவே அவர்களுக்கு விருப்பமில்லை. பேச வைத்தபோது கோபம் வந்தது. எங்களை ஏன் இதற்குள் இழுத்துவிட்டீர்கள் என்ற அந்தக் கேள்விக்கு மேசியிடம் தயார் பதில் எதுவும் இல்லை. மறுநாள் அவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள், பேசினார்கள்.

இயற்கையோடு உறவு என்றால் மரத்தடியில் கண்மூடி உட்கார்வது என்று நினைக்கும் எல்லோரையும் இந்தச் சம்பவம் தடுத்து நிறுத்துகிறது. மரத்தடிக்கே போக முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களிடம் மிஞ்சியிருந்தது துக்கம் மட்டும்தான். காட்டோடு அவர்களுக்கு இருந்த கடைசி உறவும் அதுதான். மேசி எழுதியவற்றில் நான் முழுதாக நம்பும் பகுதி இது.

இனி மனக்குறைக்கு வருகிறேன். பிற்கால நூல்களில் பயிற்சிகள் பெருகிக்கொண்டே போகின்றன. முகமூடி செய்து அணிந்துகொண்டு மலையாகவும் ஆறாகவும் பேசும் ‘அனைத்துயிர் சபை’ மாதிரியானவை. அவற்றைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. சாமியாடிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது அந்நியமும் இல்லை. என் கேள்வி வேறு. அந்த அறைக்குள் வந்து உட்கார யாரால் முடிகிறது? வார இறுதியை ஒதுக்கி வைக்க வசதியுள்ளவர்களால். 1989ல் ராமச்சந்திர குஹா ஆழ்சூழலியத்தின் மீது வைத்த விமர்சனம் இங்கேயும் பொருந்துகிறது: ஏழை நாடுகளில் சூழல் போராட்டம் என்பது வாழ்வாதாரப் போராட்டம். அந்தப் போராளியின் சோர்வில் பாதி மனதில் இருக்கலாம். மீதி பாதி வழக்குத் தேதியிலும், போன நாள்கூலியிலும் இருக்கிறது. தியானம் பண்ணினா வாய்தா தள்ளிப்போகுமா?

வியப்பு என்னவென்றால், இதற்கான விடையை மேசி ஏற்கெனவே நேரில் பார்த்திருந்தார். 1979-80ல் இலங்கையில் தங்கி சர்வோதய இயக்கத்தோடு பழகி, அதைப் பற்றி ‘தர்மா அண்ட் டெவலப்மெண்ட்’ என்ற நூலும் எழுதினார். சர்வோதயத்தின் சிரமதானத்தில் ஊர் கூடிச் சாலை போடும், சேர்ந்து சாப்பிடும், பாடும், பேசும். மனதுக்கென்று தனி அறை கிடையாது. மண்வெட்டி பிடித்த கையோடுதான் பேச்சு. அந்த அனுபவம் அவர் சிந்தனையில் தங்கியது. அவருடைய பயிற்சி முகாம்களில் மண்வெட்டியைக் காணோம்.

அணு அச்சத்தில் பிறந்த அவருடைய 1983 நூலை இன்று எடுத்துப் படிக்கும் தமிழ் வாசகருக்கு இடிந்தகரை நினைவுக்கு வராமல் இருக்காது. கூடங்குளம் அணு உலைக்கு எதிராக 2011ல் மாதா கோயில் முன் பந்தல் போட்டு உட்கார்ந்த பெண்கள் அங்கேயே பீடி சுற்றினார்கள். அன்றைய கூலியும் அன்றைய போராட்டமும் ஒரே பாயில் நடந்தன. 2012 செப்டம்பரில் மக்கள் கடலுக்குள் இறங்கி நின்றார்கள். கடல் அவர்களுக்கு மனஅமைதி தேடிப் போகும் இடமல்ல, அது சோறு. ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குகள் போடப்பட்ட பிறகும் பந்தல் கலையவில்லை. உலை ஓடுகிறது, போராட்டம் வெல்லவில்லை என்பது உண்மை. ஆனால் அத்தனை நாள் அவர்களை உட்கார வைத்தது எது என்ற கேள்விக்கு ‘ஆக்டிவ் ஹோப்’பில் இருப்பதைவிட நல்ல பதில் அந்தப் பந்தலில் இருந்தது.

அதற்காக மேசியை ஒதுக்கிவிடச் சொல்ல மாட்டேன். வலியைத் தகவலாகப் பார்க்கும் கண்ணை அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம். அந்தத் தகவலைப் பகிர்ந்துகொள்ளத் தனி முகாம் தேடிப் போக வேண்டியதில்லை. விதை நடும் இடத்தில், ஆர்டிஐ மனு எழுதும் மேசையில், கோர்ட்டு வராந்தாவில் காத்திருக்கும் நேரத்தில், பக்கத்தில் இருப்பவரிடம் ‘உனக்கு எப்படி இருக்கு?’ என்று கேட்டு, பதில் வரும்வரை பொறுத்திருந்தால் போதும். நோவோசிப்கோவில் மேசி செய்ததும் அதற்கு மேல் எதுவுமில்லை.