அண்ணாந்து எடுத்த படங்கள்

தண்டலத்தில் நம் அண்டை வீட்டில் தங்கி, ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றுக்குச் சென்றுவரும் இளைஞர், விடுமுறை நாட்களில் சென்னையில் எடுத்த நிழற்படங்களைக் காட்டி, “ஹஜ்ரத், உங்கள் அபிப்பிராயம் வேண்டும்” என்றார். நாற்பது படங்கள் இருக்கும். அத்தனையும் உயர்ந்த கட்டடங்களின் அடியில் நின்று, அண்ணாந்து, வானத்தோடு சேர்த்து எடுத்தவை. தனித்தனியே பார்த்தால் அழகுதான். நாற்பதையும் பார்த்து முடித்தபோது நமக்குக் கழுத்து வலித்தது. இத்தகைய படங்கள் இன்று மலிந்துவிட்டமையால், அவரிடம் சொன்னதை இங்கும் எழுதுகிறோம்.

கருவியை நிமிர்த்திப் பிடித்தால் சுவரின் விளிம்புகள் நேராக நிற்கும். மேல்நோக்கிச் சாய்த்தால் அவை உச்சியில் ஒன்றையொன்று நெருங்கும். தொலைவிலுள்ள மேற்பகுதி சிறுத்துப் பதிவதே காரணம். இதில் பிழையில்லை. ஆனால், பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம் பதினோராம் நூற்றாண்டில் எழுதிய ‘கிதாபுல் மனாளிர்’ என்னும் நூலில் நுட்பமான கருத்தொன்றை நிறுவுகிறார். கண் ஒரு பொருளின் அளவைக் கோணத்தால் மட்டும் அறிவதில்லை. தொலைவையும் கூட்டியே அறிகிறது. அத்தொலைவையோ இடையில் தொடர்ந்து கிடக்கும் தரையைக் கொண்டு மதிப்பிடுகிறது. அண்ணாந்து எடுத்த படத்தில் முதலில் வெட்டுண்டு போவது அந்தத் தரையே!

அண்ணா சாலையின் எல்.ஐ.சி. கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். 1959இல் திறக்கப்பட்டபோது அதன் 177 அடி உயரம் நாட்டையே வியக்கவைத்தது. நாட்டுப்புறத்தான் பட்டணம் சேர்ந்துவிட்டான் என்பதற்குத் திரைப்படக்காரர்கள் அதைக் காட்டியே சலித்தார்கள். இன்று அதனினும் உயர்ந்தவை நகரில் பல. ஆயினும் இளைஞரின் படத்தில் எல்.ஐ.சி.யும் புதிய கண்ணாடி மாளிகையும் ஒரே உயரம். இரண்டும் மேகத்தைத் தொடுகின்றன. உயரத்தைக் காட்ட வந்த படம் உயரத்தையே சொல்லாமற் போயிற்று.

இம்முறையே தவறு என்பாரோடு நாம் சேரோம். மாஸ்கோவின் ரோட்சென்கோ 1925இல் தாம் வாழ்ந்த வீட்டின் மாடங்களைக் கீழிருந்து எடுத்தார். மேல்நாட்டாரைப் பார்த்து எழுதியவர் என்று 1928இல் அவர் மீது பழி சுமத்தினார்கள். தொப்புள் மட்டத்திலிருந்து மட்டும் உலகைப் பார்த்தது போதும் என்பது அவர் வாதம். சரியான வாதமே. ஆனால் அவர் மேலிருந்தும் எடுத்தார். தினம் ஏறி இறங்கிய படிகள் அவருடையவை.

நாற்பதில் நம் மனம் நின்றது ஒன்றில்தான். திருவல்லிக்கேணியில் 1795இல் எழுந்த வாலாஜா பெரிய பள்ளிவாசல். முன்னே விரிந்த திடல் இருப்பதால் பின்வாங்கி நிற்க இடமுண்டு. இரு மினாராக்கள், நடுவே வானம். கீழ் விளிம்பில் செருப்பைக் கையிலெடுத்தபடி ஒருவர். அவரைக் கொண்டு மினாராவின் உயரம் நமக்கு விளங்கிவிடுகிறது.

கண்ணாடி மாளிகைப் படத்தை இளைஞர் ஊரிலுள்ள தாயாருக்கு அனுப்பியிருந்தாராம். “உனக்கு எத்தனையாவது மாடியில் வேலை?” என்று அவர் கேட்டாராம். மறுமொழி இன்னும் போகவில்லை. இளைஞர் வேலை செய்வதோ தகரக்கூரை வேய்ந்த, மாடியே இல்லாத நெடுங்கொட்டகை.

“அதைப் படமெடுத்தீர்களா?” என்றோம். உள்ளே கைபேசிக்கு அனுமதியில்லை என்றார். வாயிலில் நின்று எடுக்கலாமே என்றோம்.

அடுத்த வாரம் கொண்டுவந்தார். முக்கால் பங்கு வானம். அதனடியில் தாழ்ந்த கூரை. ஷிப்டு முடிந்து பேருந்துக்கு நிற்கும் தோழர்கள். படம் சற்றுக் கோணல்தான். ஊருக்கு அனுப்பியாயிற்று என்றார்.