செவிமடுக்கும் கலை

வத்தேகமவிலிருந்து மாத்தளைப் பாதை ரயிலில் கண்டிக்கு வந்து, 1952இல் பேராதனையில் குடிபுகுந்த பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் மாணவரின் நெஞ்சில், பரீட்சைப் பயமும் குடும்பத்தின் பெருநம்பிக்கையும் பாரமாய் ஏறி, ஓர் இரவில் உயிரே சுமையெனத் தோன்றுமாயின், அவ்வேளை அருகே வந்தமர்ந்து செவிமடுப்பவரின் தொழிலை உத்தமமான கலைகளுள் ஒன்றாகவே நான் போற்றுவேன்.

அவர் உபதேசம் செய்வதில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று அவசர ஆறுதலும் சொல்வதில்லை. கதவைப் பாதி சாத்தி, நாற்காலியைச் சற்றே பக்கவாட்டில் இழுத்துப் போட்டு, நீளும் மௌனத்தைக் கலைக்காது பொறுத்திருந்து, தக்க தருணத்தில், "தம்பி, செத்துப்போகலாமென்று யோசனை வருதா?" என்று தெளிவாகக் கேட்கிறார். அவ்வாறு கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாய் முளைப்பதில்லை, அடைபட்ட துயரத்துக்கு வழி திறக்கிறது என்பது அனுபவமும் ஆராய்ச்சியும் ஒப்பிய உண்மை. பின்னர், அபாயமான பொருள்களை அப்புறப்படுத்தி, அன்றிரவு தனித்திராதபடி நண்பன் ஒருவனைத் துணைவைத்து, வைத்தியரிடம் சேர்ப்பிக்கிறார்.

1974இல் இலங்கையில் தோன்றிய சுமித்ரயோ இயக்கமும், 1926 என்ற இலக்கத்தில் இயங்கும் தேசிய மனநலத் தொலைபேசிச் சேவையும் இதே தர்மத்தை நாடெங்கும் நடத்துகின்றன. செவியையே ஔஷதமாக்கும் இவர்களுக்கு அமைதியான அறையும், தக்க பயிற்சியும், போதிய ஓய்வும் அளிப்பது ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் கடமையாகும்.