ஒலியின்மேல் ஒலி
ராக் இசைத்தட்டுகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சி

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது நம்மவர் நாவில் தவழும் பழமொழி. ஆயினும் பழமொழியைச் சொல்லிவிட்டதனாலேயே ஒரு கூற்று மெய்யாகிவிடாது. அளவு எது, மிஞ்சுவது எது, மிஞ்சியது நஞ்சாவது எக்காரணத்தால் என்று காட்டினாலன்றி அறிவுடையோர் ஒப்பமாட்டார். ராக் இசைத்தட்டுகளில் ஒலியின்மேல் ஒலியை அடுக்கிப் பெருக்கும் வழக்கத்தை நாம் இங்கு ஆராயப் புகுவதும் அந்த முறையிலேயே.

மேனாட்டார் கூச்சலைப் பற்றித் தமிழ் ஏட்டில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். தோட்டத்து இளைஞரும் பட்டணத்து இளைஞரும் அதனைக் கேட்டு வருகின்றனர். கேளாதே என்று தடுப்பது நம் வேலையன்று; தரம் அறிந்து கேட்கத் துணைசெய்வதே நம் வேலை. அன்றியும், கூச்சல் என்று ஒதுக்கப்படும் அந்த இசையின் வேர், அமெரிக்கத் தென்னாட்டுப் பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்களின் பாட்டிலே இருக்கிறது. உழைப்பாளியின் தொண்டையிலிருந்து பிறந்த ஒரு கலை எவ்வாறு வளர்ந்தது, எங்கே வழி தவறியது என்று அறிவது உழைப்பாளிகளாகிய நமக்குப் புறம்பான செய்தியாகாது.

முதற்கண், ஒலியை அடுக்குவது எப்படி என்பதைப் பார்ப்போம். முன்னாளில் பாடுவோரும் வாசிப்போரும் ஓர் அறையில் கூடி ஒரே வேளையில் இசைப்பர். அஃது அவ்வண்ணமே பதிவாகும். பின்னர் ஒலிநாடாவைப் பல தடங்களாகப் பிரிக்கும் கருவி வந்தது. முதல் தடத்தில் பதிந்ததைக் காதில் கேட்டுக்கொண்டே இரண்டாம் தடத்தில் வேறோர் ஒலியைச் சேர்க்கலாம். பிறகு மூன்றாவது, நான்காவது. ஒரே மனிதர் தம் குரலோடு தாமே சேர்ந்து பாடவும் கூடும். 1963-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள் பீட்டில்ஸ் குழுவினர் லண்டனில் தம் முதல் ஆல்பத்துக்காகப் பத்துப் பாட்டுகளை ஒரே நாளில் பதிந்து முடித்தபோது, கருவியில் இருந்த தடங்கள் இரண்டே. 1967-இல் புகழ்பெற்ற 'சார்ஜண்ட் பெப்பர்' ஆல்பத்தை உருவாக்கியபோது நான்கு. 1970-களின் நடுவில் இருபத்து நான்கு. இன்று கணிப்பொறியில் நூற்றுக்கணக்கில் அடுக்கலாம்.

நான்கு தடங்கள் மட்டும் இருந்த காலத்தில், அவை நிரம்பியபின் இன்னும் சேர்க்கவேண்டுமானால், நான்கையும் சுருக்கி வேறொரு நாடாவுக்கு மாற்றவேண்டும். மாற்றுந்தோறும் நாடாவின் இரைச்சல் சிறிது ஏறும். ஒலியின் தெளிவு சிறிது இறங்கும். ஆதலால், 'இது வேண்டுமா?' என்ற கேள்வியைக் கருவியே கேட்டுக்கொண்டிருந்தது. இன்று கருவி அக்கேள்வியைக் கேட்பதில்லை. மனிதர்தாம் கேட்கவேண்டும், கேட்க மறந்தபோது வந்த கேட்டையே நாம் கூறப்போகிறோம்.

கூட்டினால் பெருகவேண்டியது குறைவது எங்ஙனம்? காரணங்கள் உள.

ஒரு கித்தாருடன் அதே வலிமையுள்ள ஒன்பது கித்தார்களைச் சேர்த்தால் ஒலி ஏறக்குறைய 10 டெசிபல் உயரும். 10 டெசிபல் உயர்வு மனிதர் காதுக்குச் சுமார் இருமடங்காகத் தோன்றும். பத்து மடங்கு கருவிக்கு இரண்டு மடங்கு பலன்! அந்தப் பலனும் நிலைப்பதில்லை. இசைத்தட்டு தாங்கும் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதனுள் அடங்குமாறு மொத்தத்தையும் மீண்டும் தாழ்த்தவேண்டும். தாழ்த்தியபின் பார்த்தால், தனித்து நின்றபோது யானைபோல் முழங்கிய கித்தார், கூட்டத்தில் ஒன்றாகிச் சிறுத்துப் போயிருக்கும்.

இரண்டாவது காரணம் மறைப்பு. ஓர் ஒலியின் அருகே, ஏறத்தாழ அதே அதிர்வெண்ணில், வலிமை மிக்க வேறோர் ஒலி எழுந்தால் மெல்லிய ஒலி காதுக்கு எட்டாது. பாடுவோர் உச்சரிக்கும் மெய்யெழுத்துகளைத் தெளிவுபடுத்தும் அதிர்வுகள் பெரும்பாலும் நொடிக்கு 2,000 முதல் 4,000 வரையில் உள்ளவை. கரகரக்கும் மின்கித்தாரின் கூர்மையும் அதே இடத்தில்தான் குடியிருக்கிறது. கித்தாரின்மேல் கித்தாராக அடுக்குந்தோறும் முதலில் மூழ்குவது பாட்டின் சொல்.

மூன்றாவது, முனை மழுங்குதல். ஒருவரே ஒரே பகுதியைப் பத்து முறை வாசித்தாலும் பத்து அடியும் ஒரே கணத்தில் விழா. ஒன்று இமைப்பொழுது முந்தும், ஒன்று பிந்தும். நரம்பைத் தட்டும் அந்த முதற்கணத்தின் கூர்மையே ராக் இசைக்கு உயிர். பத்தும் கலந்தால் அது மழுங்கி ஒரு நீண்ட உறுமலாகிவிடும். ஓர் அலையின் மேடு மற்றோர் அலையின் பள்ளத்தைச் சந்தித்துச் சில அதிர்வுகள் அழிந்தும் போகும்.

இவற்றைப் படித்துவிட்டு, அடுக்குவதே குற்றம் என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளவேண்டா. இடப்பக்கம் ஒரு கித்தாரும் வலப்பக்கம் ஒரு கித்தாரும் ஒரே பகுதியை வாசிக்கையில் பாட்டுக்கு அகலம் பிறப்பதுண்டு. எதற்காக அடுக்குகிறோம், எங்கே அடுக்குகிறோம் என்பதுதான் கேள்வி. இனிச் சில சான்றுகளைப் பார்ப்போம்.

1969-ஆம் ஆண்டு ஜனவரியில் பீட்டில்ஸ் குழுவினர், பின்னால் ஒன்றும் சேர்க்காமல், நேரே கூடி வாசித்ததையே வெளியிடுவோம் என்று கருதிச் சில பாட்டுகளைப் பதிந்தனர். அவை ஓராண்டுக்கு மேல் கிடப்பில் கிடந்தன. 1970-இல் அந்த நாடாக்கள் பில் ஸ்பெக்டர் என்னும் அமெரிக்கத் தயாரிப்பாளர் கைக்குச் சென்றன. அவர் 1960-களின் தொடக்கத்தில், சிறிய அறையில் பல பியானோக்களையும் கித்தார்களையும் ஒருசேர முழக்கி, 'ஒலிச்சுவர்' என்று பெயர்பெற்ற முறையை வகுத்தவர். மூன்று நிமிடப் பாட்டு, சிறிய வானொலிப் பெட்டியில் ஒலிக்கவேண்டும் என்ற நிலையில் அம்முறை மிக நன்றாகப் பயன்பட்டது. அதே முறையை அவர் 'தி லாங் அண்டு வைண்டிங் ரோடு' என்ற பாட்டின்மேல் ஏற்றினார். முப்பதுக்கு மேற்பட்ட வாத்தியக்காரரும் பதினான்கு பெண்பாடகியரும் சேர்க்கப்பட்டனர். பாட்டை இயற்றிப் பாடிய பால் மெக்கார்ட்னியின் இசைவு முன்னதாகப் பெறப்படவில்லை. குறைக்குமாறு அவர் கடிதம் எழுதியும் பயனில்லை. பின்னர்க் குழுவின் கூட்டு வாணிகத்தைக் கலைக்க அவர் தொடுத்த வழக்கில் இதுவும் ஒரு குறையாக எடுத்துரைக்கப்பட்டது.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லவேண்டும். அந்தப் பதிவில் அடிநாதக் கித்தாரை வாசித்த ஜான் லெனன் பல இடங்களில் தவறியிருந்தார். நாடாக்கள் ஒழுங்கற்றுக் கிடந்தன என்றும், ஸ்பெக்டர் அவற்றை உருப்படியாக்கினார் என்றும் லெனனே பரிந்து பேசினார். அமெரிக்காவில் அந்தப் பாட்டு விற்பனையில் முதலிடமும் பெற்றது. இவை யாவும் மெய்யே. ஆயினும், தவறிய இரண்டு சுரங்களைத் திருத்தி வாசிப்பதை விட்டு, நாற்பதுக்கு மேற்பட்டோரைக் கொண்டு அவற்றை மூடுவது, ஒழுகும் கூரையைச் செப்பனிடாமல் பந்தல் போட்டு மறைப்பது போன்றது. அதைவிடப் பெரிய குறை பொருளைப் பற்றியது. அந்தப் பாட்டு, தனித்து நிற்கும் ஒருவர் தம்மை விட்டுச் சென்றவரை நாடும் ஏக்கம். தனிமையைப் பாடுபவர் பின்னால் ஊர்வலம் வரலாமா? 2003-இல் அணிகள் களைந்து வெளியிட்ட பதிப்பில், குரலும் பியானோவும் அருகில் வந்து நிற்கின்றன. அந்தப் பதிப்பு ஸ்பெக்டர் எடுத்தாண்ட அதே பதிவன்று. சில நாள் கழித்துப் பாடிய வேறொரு பதிவு. ஆதலின் இரண்டையும் நிறுக்கும்போது சற்று எச்சரிக்கை வேண்டும். அவ்வளவு தள்ளிப் பார்த்தாலும் ஏக்கம் எந்தப் பதிப்பில் தெரிகிறது என்பதில் நமக்கு ஐயமில்லை.

அதே 1970-இல் ஜார்ஜ் ஹாரிசன் தம் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' என்ற மூன்று தட்டு ஆல்பத்தை அதே ஸ்பெக்டருடன் சேர்ந்து தாமே விரும்பி உருவாக்கினார். பாட்டுகள் சிறந்தவை, உலகெங்கும் பாராட்டப்பெற்றவை. ஆனால் முப்பதாண்டு கழித்து, 2001-இல், அதன் மறுபதிப்புக்கு எழுதிய குறிப்பில், பாட்டுகளை அந்தப் பெரும் ஒலிக்கட்டிலிருந்து விடுவிக்க மனம் விழைவதாக அவரே தெரிவித்தார். அவர் மறைந்தபின், 2021-இல், அவர் மகனின் மேற்பார்வையில் வந்த புதிய கலவையில் குரல் முன்னுக்குக் கொணரப்பட்டது. பழைய முழக்கமே இனிது என்பாரும் உளர். நாம் அவர்களை இகழவில்லை. படைத்தவரே பின்னாளில் தம் குரலைத் தேடவேண்டி வந்தது என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறோம்.

இன்னொரு சான்று ஒயாசிஸ் குழுவினரின் 'பி ஹியர் நவ்'. 1997 ஆகஸ்டில் வெளிவந்தது. பிரிட்டனில் முதல் நாளிலேயே நான்கு இலட்சத்துக்கு மேல் விற்றது. எழுபது நிமிடத்துக்கு மேல் நீளும் அந்த ஆல்பத்தில் கித்தார்மேல் கித்தாராக அடுக்கப்பட்டு, மேளத்துக்கும் குரலுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடமும் விடப்படவில்லை. தணிந்த இடமே இல்லாததால் உயர்ந்த இடமும் இல்லை. பாட்டுகளை இயற்றிய நோயல் கல்லகர் நாளடைவில் தாமே அதனைக் குறைகூறினார். 2016-இல் மறுபதிப்பு வந்தபோது முதற்பாட்டை மட்டும் அவர் புதிதாகக் கலந்து கொடுத்தார், மற்றவற்றைத் தொடரவில்லை. புகழின் உச்சியில் நிற்பவரிடம் 'போதும்' என்று சொல்ல அருகில் ஆள் இல்லாமற்போவது இசைக்கு மட்டும் உரிய தீங்கன்று.

நிற்க. நிறைய அடுக்கியும் கெடாத பாட்டுகள் உண்டு. 'சார்ஜண்ட் பெப்பர்' ஆல்பத்தின் இறுதிப் பாட்டுக்கு 1967 பிப்ரவரியில் நாற்பது பேர் கொண்ட வாத்தியக் குழுவை அழைத்து, அவர்கள் வாசித்ததைப் பன்முறை பதிந்து ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றினர். ஆயினும் அந்தப் பேரெழுச்சி வருவது, பாட்டின் நடுவே வெறுமையாக விடப்பட்டிருந்த இருபத்து நான்கு தாளவட்டங்களில். பாடுவோர் ஓய்ந்தபின் வாத்தியங்கள் எழுகின்றன. அவை ஓய்ந்தபின் பாட்டு தொடர்கிறது. 1975-இல் குவீன் குழுவினர் 'போஹிமியன் ராப்சடி'யில் மூவர் குரலை ஒரு பெருங்கூட்டமாகும் அளவுக்கு அடுக்கினர். நாடா தேய்ந்து ஒளி ஊடுருவும் நிலைக்கு வந்துவிட்டது என்று அவர்களே கூறியுள்ளனர். ஆனால் அந்தக் குரல்கள் வெவ்வேறு உயரத்தில் நிற்கின்றன. ஒன்று கேட்க மற்றொன்று விடை சொல்கிறது. அவற்றுக்கு முன்னும் பின்னும் பியானோவும் தனிக்குரலும் அமைதியாக இடம் பெறுகின்றன. இங்கே ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு வேலை உண்டு. வேலையில்லாத அடுக்கே சுமை.

குறைவில் எவ்வளவு பெருமை உண்டு என்பதற்கும் சான்று தருவோம். லெட் செப்பெலின் குழுவினர் 1971-இல் வெளியிட்ட 'வென் தி லெவி பிரேக்ஸ்' என்ற பாட்டின் மேளத்தைக் கேட்டவர்கள் மலை இடிவது போன்றது என்பர். ஜான் பான்ஹம் என்பவர் இங்கிலாந்தில் ஒரு பழைய மாளிகையின் கீழ்க்கூடத்தில் உட்கார்ந்து வாசிக்க, மாடிப்படியின் மேலிருந்து இரண்டே மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிந்தது அது. அந்த முழக்கத்தைப் பெருக்கிக் கொடுத்தது பெரும்பாலும் அந்தக் கூடத்தின் வெற்றிடமே. அந்தப் பாட்டின் மூலம், 1927-ஆம் ஆண்டு மிசிசிப்பி வெள்ளத்தைக் குறித்து 1929-இல் கறுப்பினப் பாடகர் இருவர் பதிந்தது என்பதையும் நினைவிற் கொள்க.

நிர்வாணா குழுவினரின் கதை இன்னும் தெளிவானது. 1991-இல் வந்த அவர்களுடைய 'நெவர்மைண்டு' அளவிறந்து விற்றபோதிலும், அதன் மெருகு மிகை என்று பாடகர் கர்ட் கோபேன் குறைகூறினார். 1993-இல் அடுத்த ஆல்பத்துக்கு ஸ்டீவ் ஆல்பினியை நாடினர். அவர் சுமார் இரண்டு வாரத்தில், பெரும்பாலும் குழுவினர் ஒன்றுகூடி வாசித்ததையே, அறையின் ஒலியோடு பதிந்து கொடுத்தார். இரண்டு பாட்டுகளைப் பின்னர் வேறொருவர் மறுபடி கலந்தார் என்பதும் உண்மை. 2024-இல் மறைந்த இந்த ஆல்பினி, தயாரிப்பாளர் என்ற பட்டத்தை விரும்பவில்லை. விற்பனையில் பங்கு பெறுவதும் முறையன்று என்று மறுத்து, செய்த வேலைக்குக் கூலி மட்டும் பெற்றார். வாசித்தவர் உழைப்பு வாசித்தவருக்கே உரியது என்பது அவர் கொள்கை.

நம் முடிவும் அங்கேதான் வந்து நிற்கிறது. மிகையாக அடுக்கிய இசைத்தட்டில் காணாமற்போவது அழகு மட்டுமன்று, மனிதர். எவர் விரல் நரம்பைத் தொட்டது, எவர் கை மேளத்தில் விழுந்தது, எவர் நெஞ்சு என்ன சொல்ல வந்தது என்பவை மூடுண்டு போகின்றன. மணமகள் முகமே தெரியாதபடி பூவும் பொன்னும் ஏற்றிவைத்து, அதனைத் திருமணச் சிறப்பு என்று ஊரார் வியப்பதை நாம் கண்டிக்கவில்லையா? பருமனைத் தரமென்று மயங்கும் அதே மயக்கம் காதிலும் புகுதல் தகாது.

ஆகவே தோழர்கள் அடுத்த முறை ஓர் ஆல்பத்தைக் கேட்கும்போது ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். ஒலியைத் தாழ்த்தி வைத்துக் கேளுங்கள். சொல் விளங்குகிறதா? வாசிப்போர் எத்தனை பேர் என்று எண்ண முடிகிறதா? பாட்டில் எங்கேனும் மூச்சுவிட இடம் இருக்கிறதா? விளங்கினால், எத்தனை அடுக்கு இருந்தாலும் அது நல்ல தட்டு. விளங்காவிட்டால், எத்தனை இலட்சம் விற்றிருந்தாலும், யார் புகழ்ந்திருந்தாலும், உங்கள் காதையே நம்புங்கள்.