படமும் உரையே: ஆங்கில மழலைப் பாடல்களின் பழைய ஓவியங்கள்

பாட்டு முன்னே பிறக்கும். உரை பின்னே வரும். காலம் செல்லச் செல்ல, உரையின் துணையின்றிப் பாட்டைக் காண இயலாத நிலையும் ஏற்படும். திருக்குறளைத் திறக்கும் நம்மிற் பலர் பரிமேலழகரின் கண்கொண்டே குறளைக் காண்கிறோம். பத்துப்பாட்டுக்கு உரைகண்ட நச்சினார்க்கினியர் சொற்களை இடம்பெயர்த்துக் கூட்டிப் பொருள்கொண்டார். அது பாட்டின் இயல்பான போக்குக்கு மாறானது என்று மறைமலையடிகள் தம் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் மறுத்தார். உரையாசிரியர் பாட்டுக்குத் தொண்டரா, தலைவரா என்னும் வினா தமிழர்க்குப் புதிதன்று.

அவ்வினாவை ஓர் எளிய இடத்தில் எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆங்கில மழலைப் பாடல்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வரையப்பெற்ற ஓவியங்களை ஈண்டு ஆராயப் புகுகின்றேன். இதற்கும் தமிழ்ச் சங்க மலருக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவலாம். தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் குடும்பங்களிற் பிள்ளைகள் பள்ளியிற் சேர்ந்ததும் முதன்முதலிற் பாடக் கற்பவை பெரும்பாலும் இப்பாடல்களே. சொல்லின் பொருள் விளங்குமுன்னரே படம் அவர்கள் மனத்திற் பதிந்துவிடுகிறது. படத்தைக் கொண்டே பாட்டை அறிகின்றனர். ஆகவே, அப்படங்களை எழுதியோர் யாவர், அவர்கள் பாட்டுக்குச் செய்தது என்ன என்று அறிவது நமக்கும் பயனுடையதே.

வாய்மொழியும் அச்சும்

இப்பாடல்கள் நம் தாலாட்டைப் போலவும் விடுகதையைப் போலவும் வாய்மொழியாக வாழ்ந்தவை. இலண்டன் மாநகரில் 1744ஆம் ஆண்டளவில் மேரி கூப்பர் என்னும் அம்மையார் வெளியிட்ட 'டாமி தம்ப்'பின் பாட்டுப்புத்தகம், அச்சேறிய பழந்தொகுப்புகளுள் ஒன்று. குழந்தையின் உள்ளங்கையில் அடங்கும் சிறுநூல் அது. செப்புத்தகட்டிற் செதுக்கிய சிறு படங்களோடு, கறுப்பும் சிவப்பும் மாறிமாறி வரும் பக்கங்களைக் கொண்டது.

அச்சேறிய அன்றே படத்தின் ஆட்சியும் தொடங்கிவிட்டது. இதற்கு ஒரு சான்று காட்டலாம். குடத்தில் நீர் முகக்க மலையேறிய ஜாக், ஜில் இருவரையும் அறியாத பள்ளிப்பிள்ளை இல்லை. ஜாக் சிறுவன், ஜில் சிறுமி என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆனால் 1760களைச் சேர்ந்ததாகக் கருதப்பெறும் 'மதர் கூஸ் மெலடி' என்னும் தொகுப்பில், இப்பாட்டுக்குரிய மரக்கட்டைப் படத்தில் இருப்போர் இருவரும் சிறுவர்கள்! அக்காலத்துக் குழந்தை இரு தோழர்களை மனத்திற் கண்டது. பிற்காலத்துக் குழந்தை அண்ணனையும் தங்கையையும் காண்கிறது. பாட்டு ஒன்றே, உரை மாறியது, உரையோடு பொருளும் மாறியது.

பிசியும் அதன் விடையும்

இனி, படம் பாட்டுக்குத் தீங்கு செய்த இடம் ஒன்றைக் காண்போம். ஹம்ப்டி டம்ப்டி என்பவன் மதில்மேல் அமர்ந்தான், வீழ்ந்தான், அரசனின் படை முழுதும் கூடியும் அவனைப் பழையபடி ஆக்க இயலவில்லை. பாட்டின் செய்தி இவ்வளவே. சாமுவேல் ஆர்னால்டு என்னும் இசைஞரின் தொகுப்பில் 1797இல் இப்பாட்டு அச்சாயிற்று. இதில் முட்டை என்னும் சொல் ஓரிடத்தும் இல்லை. இருக்கவும் கூடாது. ஏனெனில் இது ஒரு விடுகதை. முட்டை அதன் விடை.

தொல்காப்பியர் செய்யுளியலிற் 'பிசி' என்பதை இலக்கிய வகைகளுள் ஒன்றாக எண்ணியிருக்கிறார். உவமையாற் பொருளை மறைத்துச் சொல்வதும், ஒன்றைக் கூறி மற்றொன்றை உய்த்துணர வைப்பதுமாக அதற்கு இருவகை இலக்கணமும் வகுத்தார். கேட்போன் தானே தேடிக் காண்பதுதான் பிசியின் உயிர். விழுந்தால் மீண்டும் ஒட்டவே ஒட்டாத பொருள் எது என்று குழந்தை மயங்கி, தாயின் முகம் பார்த்து, அடுக்களையை நினைந்து, முட்டை என்று கூவும் நொடியில்தான் அப்பாட்டு நிறைவு பெறுகிறது.

லூயி கரோல் எழுதிய ஆலிசின் இரண்டாவது கதைநூல் 1871இன் இறுதியில் வெளிவந்தது. அதற்குப் படம் எழுதிய ஜான் டென்னியல், மதில்மேல் வீற்றிருக்கும் பெரியதொரு முட்டைக்குக் கண்ணும் வாயும் கையும் காலும் வைத்தார். கதையிலேயே அவன் முட்டையாகத்தான் வருகிறான். அவன் அணிந்திருப்பது கழுத்துப்பட்டியா இடுப்புக்கச்சையா என்று ஆலிஸ் தடுமாறும் நகைச்சுவையும் அங்கே உண்டு. ஆகவே பழி டென்னியல் ஒருவர்க்கே உரியதன்று. கதைக்கு அப்படம் மிகப் பொருத்தமானது, ஓவியத்திறனிலும் குறையில்லை. ஆயினும் அதன்பின் பாட்டுக்குப் படம் எழுதியோர் பெரும்பாலும் முட்டையையே எழுதினர். விடையைத் தலைப்பில் அச்சிட்ட விடுகதையாயிற்று அப்பாட்டு. இன்று நம் பிள்ளைகளிடம் ஹம்ப்டி டம்ப்டி யார் என்று கேட்டால் நொடியில் முட்டை என்பர்; அது ஒரு புதிர் என்று கூறினால் வியப்பர். பாட்டு இழந்தது ஒரு சொல்லின் மறைவை; குழந்தை இழந்தது கண்டுபிடிக்கும் இன்பத்தை.

அச்சகத்தார் ஒருவரும் ஓவியர் மூவரும்

படத்தால் விளைவது கேடு மட்டுமே என்று முடிவு கட்டிவிடலாகாது. 1870களில் இலண்டனில் எட்மண்ட் எவான்ஸ் என்னும் அச்சகத்தார் குழந்தை நூல்களுக்குப் புதுவாழ்வு அளித்தார். ஓவியத்தை ஒளிப்படமாக மரக்கட்டையில் இறக்கி, வண்ணம் ஒவ்வொன்றுக்கும் தனிக்கட்டை செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும் முறை அவருடையது. மலிவான நூலிலும் வண்ணம் கண்ணை உறுத்தாது அடங்கி நிற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் துணைகொண்ட ஓவியர் மூவர்: வால்டர் கிரேன், கேட் கிரீனவே, இராண்டால்ப் கால்டெகாட்.

கிரேன் (1845–1915) 1877இல் 'பேபிஸ் ஆப்பரா' என்னும் நூலை வெளியிட்டார். பழம்பாடல்களின் மெட்டுகளை அவர் தமக்கை லூசி கிரேன் வகுத்தளிக்க, இசைக்குறியும் சொல்லும் நடுவில் நிற்க, சுற்றிலும் ஓவியக்கரை ஓடுகிறது. ஜப்பானிய மரக்கட்டைப் படங்களிலிருந்து அவர் கற்ற தெளிந்த கோடும் பரந்த வண்ணமும் பக்கந்தோறும் விளங்கும். பக்கம் முழுவதையும் ஒரே கோலமாகக் கண்ட பெருமை அவருக்கு உண்டு. ஆனால் கோலத்தின் ஒழுங்குக்குள் மாந்தர் அசைவற்று நிற்கின்றனர். பாட்டைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியதுபோன்ற உணர்வே எஞ்சுகிறது. சொற்பொருளுக்கு மேற்செல்லாது அழகிய நடையில் அமைந்த பொழிப்புரை எனலாம்.

கிரீனவேயும் கால்டெகாட்டும் 1846ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஐந்து நாள் இடையிட்டுப் பிறந்தவர்கள். கிரீனவேயின் 'மதர் கூஸ்' 1881இல் வெளிவந்தது. அவர் தாயார் இலண்டனின் இசுலிங்டன் பகுதியிற் குழந்தைகளுக்குரிய உடைகள் விற்கும் கடை நடத்தியவர். மகளின் ஓவியத்திலும் உடையே முதலிடம் பெற்றது. அவர் எழுதிய குழந்தைகள் தம் காலத்து உடையை அணியவில்லை. ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முந்தைய நீண்ட அங்கியும் நாடாக் கட்டிய தொப்பியும் அணிந்து, பூத்த மரங்களுக்கிடையே அமைதியாக நடக்கின்றனர். படத்தைக் கண்ட தாய்மார் தம் பிள்ளைகளுக்கும் அவ்வாறே உடை தைத்தனர். கலைத்திறனாய்வாளர் இரஸ்கின் 1883இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய சொற்பொழிவில் அவரைப் பெரிதும் போற்றினார். இருப்புப்பாதையும் சுரங்கவாயும் அவ்வோவிய உலகில் இல்லை என்பதை ஒரு சிறப்பாகவே எடுத்துக்காட்டினார்.

அச்சிறப்பே குறையும் ஆகும் என்பது என் கருத்து. பள்ளிக் கல்வியைப் பரப்ப இங்கிலாந்தில் 1870இற் சட்டம் வந்தது. ஆலைப்புகைக்கு நடுவே உழைத்த சிறார் அன்று பலர். அப்பாடல்களின் உலகிலும் பசி உண்டு, பிரம்படி உண்டு, பன்றிக்குட்டியைத் திருடி ஓடும் சிறுவன் உண்டு. ஏழை எளியோர் பாடிய பாடல்கள் அவை. கிரீனவேயின் தோட்டத்திலோ எவரும் பசித்தவராய்த் தோன்றவில்லை. எவரும் வாய்விட்டுச் சிரிப்பதும் அரிது. அவர் உரை இனிய உரை. ஆயினும் பாட்டிலிருந்த கசப்பை நீக்கிவிட்ட உரை.

கால்டெகாட் செய்த விளக்கம்

கால்டெகாட், ஓவியராய் வாழத் துணியுமுன், விட்சர்ச்சு என்னும் ஊரிலும் மான்செஸ்டரிலும் வங்கி எழுத்தராய் இருந்தவர். பிற்காலத்தில் 'மதர் கூஸ்' பாடல்களுக்கு 1913இற் படம் எழுதிப் புகழ்பெற்ற ஆர்தர் ராக்கமும் இளமையில் தீக்காப்புறுதி அலுவலகம் ஒன்றில் எழுத்தர்தான். கோப்புகளோடு நாள் கழிக்கும் என்போன்றோர்க்கு இச்செய்தி ஒரு தனி மகிழ்ச்சி. 1872இல் இலண்டன் சேர்ந்த கால்டெகாட், 1878 முதல் 1885 வரை ஆண்டுதோறும் கிறித்துமசுக்கு இரண்டாகப் பதினாறு படநூல்கள் தந்தார். ஒவ்வொன்றின் விலையும் ஒரு ஷில்லிங். நாற்பது வயது நிரம்புமுன், 1886 பிப்ரவரியில், உடல்நலம் நாடிச் சென்ற அமெரிக்க நாட்டு புளோரிடாவில் மறைந்தார்.

அவருடைய தனித்திறனை 1882இல் வெளிவந்த ஒரு நூலாற் காட்டலாம். பூனை பிடில் வாசிக்க, பசு நிலவைத் தாண்ட, தட்டும் கரண்டியும் கூடி ஓடிப்போகும் பாட்டு யாவரும் அறிந்தது. பாட்டு அங்கே முடிகிறது, கால்டெகாட் முடிக்கவில்லை. பக்கத்தைப் புரட்டினால், சொல் ஒன்றும் இல்லாத கோட்டோவியம். தட்டு நொறுங்கிக் கிடக்கிறது. கத்தியும் முள்ளும் பெற்றோர்போல இருபுறமும் நின்று கரண்டியை இழுத்துச் செல்கின்றன. உடன்போக்கின் முடிவு இதுவாயிற்று! அகப்பாட்டில் மகளைத் தேடிச் சுரத்திடைச் சென்ற செவிலியை அறிந்த நமக்கு இக்காட்சி புதிதாயிராது. நகைப்பாட்டின் வாலில் ஓர் அவலத்தை ஒரு சொல்லும் இன்றி வைத்துவிட்டார்.

அந்நூலிலேயே 'பேபி பண்டிங்' பாட்டும் உள்ளது. குழந்தையைப் போர்த்த முயல்தோல் தேடிச் சென்ற தந்தையைப் பற்றியது அது. இறுதிப் படத்தில், காதுகளோடு கூடிய முயல்தோலை அணிந்த குழந்தை தாயோடு உலாவச் செல்கிறது. மேட்டில் உயிருள்ள முயல்கள் கூட்டமாய் இருக்கின்றன. குழந்தை அவற்றை வைத்த கண் வாங்காமல் நோக்குகிறது. தான் அணிந்திருப்பது எது என்று அதற்குத் தோன்றியதோ, தோன்றவில்லையோ! ஓவியர் கூறவில்லை.

பாட்டில் இல்லாததை ஏற்றிச் சொல்வது உரையாசிரியர்க்குத் தகுமா, நச்சினார்க்கினியரிடம் கண்ட குறை இவரிடமும் இல்லையா என்று வினவுவோர் இருக்கலாம். வேறுபாடு உண்டு. டென்னியலின் முட்டை பாட்டு மறைத்துவைத்ததை வெளியிட்டது, கேள்வியை மூடியது. கிரீனவேயின் தோட்டம் பாட்டில் இருந்ததைக் குறைத்தது. கால்டெகாட் பாட்டின் ஒரு சொல்லையும் அசைக்கவில்லை. பாட்டு நின்ற இடத்துக்கு அப்பால் ஒரு புதிய கேள்வியை எழுப்பினார். தோலுக்குரிய முயலையும் கரண்டியின் துயரையும் எண்ணும் குழந்தை, மீண்டும் பாட்டுக்குத் திரும்பும்போது அது முன்னினும் ஆழமாகத் தோன்றும். நல்ல விசேடவுரை செய்யும் பணி இதுவே. மூவருள்ளும் அவர்க்கே முதலிடம் தருவேன். அமெரிக்க நூலகச் சங்கம் 1938 முதல் ஆண்டுதோறும் சிறந்த படநூல் ஓவியர்க்கு வழங்கும் பதக்கம் அவர் பெயரால் அமைந்தது பொருத்தமே.

நம் இல்லங்களில்

இப்பழம்பதிப்புகளின் பக்கங்களை இன்று நூலகங்கள் படியெடுத்து எவரும் காணுமாறு வைத்துள்ளன. ஆயினும் நம் பிள்ளைகள் காண்பவை அவையல்ல. செல்பேசித் திரையில் ஓடியாடும் முட்டையும் ஆடிப்பாடும் பசுவுமே. அச்சுப்படம் அசையாது நின்றது. பக்கத்தைப் புரட்டுமுன் எண்ணிப் பார்க்கக் குழந்தைக்கு ஓய்வு தந்தது. திரைப்படமோ கேள்வி எழுமுன் விடையைக் காட்டி அடுத்த பாட்டுக்குத் தாவுகிறது. டென்னியலின் முட்டையால் ஒரு பாட்டுக்கு நேர்ந்தது, இன்று எல்லாப் பாட்டுக்கும் நேர்கிறது.

தமிழ்ப் பாடல்களுக்கும் இவ்வெச்சரிக்கை வேண்டும். கவிமணி, அழ. வள்ளியப்பா முதலியோரின் பாடல்களையும் நம் பாட்டிமார் போட்ட விடுகதைகளையும் படநூலாக்குவோர், தாம் செய்வது அழகூட்டும் பணி மட்டுமன்று, உரை எழுதும் பணி என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். விடுகதைக்கு விடையைப் படமாக எழுதலாகாது. எழுதினாலும் அடுத்த பக்கத்தில் எழுதுக. பாட்டிலுள்ள பசியையும் அச்சத்தையும் துடைத்துவிடாதிருக்க. பெற்றோர்க்கும் சங்கங்களின் தமிழ் வகுப்பாசிரியர்க்கும் நான் வேண்டுவது ஒன்றே: பாட்டை முதலில் வாயாற் பாடிக் காட்டுங்கள், குழந்தை மனத்திற் கண்டதைக் கேட்டறியுங்கள், அதன்பின் படத்தைத் திறவுங்கள். தான் கண்டதும் ஓவியர் கண்டதும் வேறுவேறு என்று உணரும் குழந்தை, படத்தையும் பாட்டையும் ஒருங்கே மதிக்கக் கற்றுக்கொள்ளும்.