அடைவு காட்டாத பக்கங்கள்: அரசியல் நிர்ணய சபை விவாதப் பதிவுகளில் மொழிச் சிக்கல்

இந்திய அரசியல் நிர்ணய சபையின் விவாதப் பதிவுகள் 12 தொகுதிகளாக உள்ளன. 1946 டிசம்பர் 9 முதல் 1950 ஜனவரி 24 வரையிலான நடவடிக்கைகள் அவற்றில் அடங்கும். இத்துணை விரிந்த பரப்பில் ஒரு பொருளைத் தேடுவோர் பொருளடைவையே முதலில் நாடுவர், அதில் பிழையில்லை. அடைவு காட்டிய பக்கங்களோடு தேடலை முடித்துக்கொண்டு, அவையில் அப்பொருள் பற்றிப் பேசப்பட்டது இவ்வளவே என்று முடிவுகட்டுவதே பிழை. மொழிச் சிக்கல் இதற்குத் தக்க சான்றாகும்.

'மொழி' என்னும் தலைப்பைப் பற்றிச் செல்பவர் 9ஆம் தொகுதியை, 1949 செப்டம்பர் 12 முதல் 14 வரையிலான விவாதத்தை, அடைவார். முன்ஷி–அய்யங்கார் உடன்பாடும் எண் வடிவம் பற்றிய பூசலும் அங்கு விரிவாகக் கிடைக்கும். ஆனால் அம்மூன்று நாள்களை மட்டும் படித்தால், மொழிச் சிக்கல் சபையின் இறுதிக் கட்டத்தில் திடீரென எழுந்து, பேரம் பேசித் தீர்க்கப்பட்டதாகவே தோன்றும்.

பதிவுகள் காட்டும் வரலாறு வேறு. சபை கூடிய இரண்டாம் நாளிலேயே, 1946 டிசம்பர் 10 அன்று, ஆர்.வி. துலேகர் இந்துஸ்தானியில் பேசத் தொடங்கி, அம்மொழி அறியாதார்க்கு இந்தியாவில் இருக்க உரிமையில்லை என்றார். அன்று அவை எடுத்துக்கொண்ட பொருள் நடைமுறை விதிகளை வகுக்கும் குழு. 1948 நவம்பர் 5 அன்று டி.டி. கிருஷ்ணமாச்சாரி, இந்தி ஆதிக்கம் குறித்துத் தென்னாட்டு மக்கள் சார்பில் எச்சரிக்கை விடுத்தார். அன்றைய பொருளோ அரசமைப்பு வரைவு மீதான பொது விவாதம். வரைவுக் குழுவின் சுமை முழுவதும் அம்பேத்கர் மீதே விழுந்ததை எடுத்துரைத்ததற்காக இவ்வுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதே உரையில் உள்ள மொழிப் பகுதியை மேற்கோளாளர் பலர் கண்டுகொள்வதில்லை.

இவ்விடுபாட்டுக்கு அடைவைத் தொகுத்தோரைக் குறை கூறுதல் முறையாகாது. அவைப் பதிவின் அடைவு, அவைமுன் இருந்த தீர்மானத்தின் அல்லது உறுப்பின் பெயரைப் பின்பற்றுகிறது. பேசியவர் இடையில் எதைத் தொட்டார் என்பதை அது பெரும்பாலும் பதிவதில்லை. சங்க நூல்களுக்குச் சொல்லடைவு கண்ட தமிழாய்வுலகிற்குச் சொல்லடைவும் பொருளடைவும் வெவ்வேறு பணிகள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மின்வடிவப் பதிவுகளில் சொல்லைத் தேடினால் போதுமே எனலாம். அதுவும் முழுத் துணையாகாது. தொடக்க ஆண்டுகளில் பெருவழக்காயிருந்த 'இந்துஸ்தானி' பின்னர் 'இந்தி'க்கு இடம்விட்டது. 'தேசிய மொழி', 'ஆட்சி மொழி' ஆகிய சொற்களும் மாறி மாறி வருகின்றன. இந்துஸ்தானி உரைகள் ஆங்கிலப் பதிப்பில் மொழிபெயர்ப்பாகவே உள்ளமையால், நாம் தேடும் சொல் பேசியவருடையதன்று, மொழிபெயர்த்தவருடையது. உறுப்பு எண்களும் ஏமாற்றும். இன்றைய 343 முதல் 351 வரையிலான உறுப்புகள் விவாதத்தில் 301ஏ முதல் 301ஐ வரை எண்ணிடப்பட்டிருந்தன. நாடாளுமன்றத்தில் பயன்படும் மொழி பற்றிய 120ஆம் உறுப்பு வரைவில் 99 ஆக இருந்தது. இன்றைய எண்ணைக் கொண்டு தேடுபவர் வேறோர் உறுப்பின் விவாதத்தில் போய் நிற்பார்.

பொருளிலிருந்து பெயருக்குச் செல்வது பயன்தரும் வழி. 1949 செப்டம்பர் விவாதத்திலும் துலேகர் பேசுகிறார். அங்குக் கண்ட பெயரைப் பற்றி முந்தைய தொகுதிகளுக்குச் சென்றால் 1946 டிசம்பர் உரை அகப்படும். கிருஷ்ணமாச்சாரியிடம் இவ்வழி எளிதன்று. அடிக்கடி எழுந்து பேசியவர் ஆதலின் அவர் பெயருக்குரிய இடங்கள் மிகப் பல. எனவே, தென்னாட்டு உறுப்பினர் 1949க்கு முன் மொழி குறித்து வாய்திறக்கவில்லை என எழுத முனைபவர், 1948 நவம்பர் 4 முதல் 9 வரை நடந்த பொது விவாதத்தின் ஐந்து அமர்வுகளையேனும் அடைவின் துணையின்றி வரிவரியாகப் படித்திருக்க வேண்டும்.