எழுத்தறிவை அளப்பவர்களும் எழுத்தோடு வாழ்பவர்களும்

ஏழு வயது நிரம்பிய ஒருவரால் ஏதேனும் ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் முடிந்தால், இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவரை எழுத்தறிவு பெற்றவராகச் சேர்த்துக்கொள்கிறது. வீட்டுக்கு வரும் கணக்கெடுப்பாளர் யாரையும் படிக்கச் சொல்லிப் பார்ப்பதில்லை. வீட்டில் இருப்பவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு போகிறார். பள்ளியிலோ குழந்தை தனியே உட்கார்ந்து, முன்பின் பார்த்திராத பத்தியைப் படித்துத் தன் திறனை நிரூபித்தாக வேண்டும். முறையில் இவ்வளவு வேறுபட்டாலும், எழுத்தறிவு என்பது தனிமனிதரிடம் ஒன்று இருக்கும் அல்லது இருக்காது என்ற நம்பிக்கையில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. அரை நூற்றாண்டாக இனவரைவியல் ஆய்வாளர்கள் கேள்விக்கு உட்படுத்தி வருவது இந்த நம்பிக்கையைத்தான். ஏழைச் சமூகங்களில் நடத்தப்படும் எந்தத் தேர்வும் திறனோடு சேர்த்துத் தேர்வு நடக்கும் சூழலையும் அளந்துவிடுகிறது. சூழலைப் பிரித்துப் பார்க்காமல் மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால், வறுமையை அறிவின்மை என்று பதிவு செய்துவிடுவோம். இந்த ஆய்வு மரபின் பல கிளைகளும் வெவ்வேறு வழிகளில் வந்துசேர்ந்த முடிவு இது.

முதல் கிளை உளவியலில் இருந்து முளைத்தது. எழுத்து வந்ததும் மனித மனமே மாறிவிடுகிறது, தர்க்கமும் வரலாற்றுணர்வும் எழுத்தின் பிள்ளைகள் என்ற கருத்துக்கு ஜாக் குடியும் இயன் வாட்டும் 1963-இல் எழுதிய கட்டுரை பெரும் செல்வாக்கைத் தேடித்தந்தது. அதைச் சோதித்துப் பார்க்க சில்வியா ஸ்க்ரிப்னரும் மைக்கேல் கோலும் லைபீரியாவின் 'வாய்' (Vai) இன மக்களிடம் சென்றார்கள். அங்கே மூன்று எழுத்துகள் அருகருகே வாழ்ந்தன. ஆங்கிலத்தைப் பள்ளி கற்றுத்தந்தது. அரபு குர்ஆன் ஓதக் கற்கும்போது வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாய் மக்களே உருவாக்கிக்கொண்ட வாய் எழுத்துக்குப் பள்ளிக்கூடமே கிடையாது. நண்பரிடமோ உறவினரிடமோ கற்றுக்கொண்டு, கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் அதைப் பயன்படுத்தினார்கள். பள்ளியையும் எழுத்தையும் தனித்தனியே நிறுத்திப் பார்க்க இதைவிட நல்ல களம் அமைவது அரிது. 1981-இல் வெளியான அவர்களுடைய நூல், எழுத்து பொதுவாக மனத்தை உயர்த்துகிறது என்பதற்குச் சான்று இல்லை என்றது. கண்டடைந்த காரணத்தை வாய்விட்டு விளக்கும் திறன் பள்ளியோடு சேர்ந்து வந்தது. கடிதம் எழுதிப் பழகிய வாய் எழுத்தினர், ஒரு விளையாட்டின் விதிகளை அறியாதவருக்குப் புரியும்படி சொல்வதில் சிறந்தார்கள். குர்ஆனை ஓதி மனனம் செய்தவர்கள், ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிக்கொண்டே போகும் நினைவுச் சோதனையில் முன்னே நின்றார்கள். எதைச் செய்து பழகினார்களோ, அதில் தேறினார்கள்.

இரண்டாவது கிளை வீட்டுக்கும் வகுப்பறைக்கும் இடையிலுள்ள தொலைவை ஆராய்ந்தது. ஷெர்லி பிரைஸ் ஹீத் 1983-இல் வெளியிட்ட 'வேஸ் வித் வேர்ட்ஸ்' இதன் அடித்தள நூல். அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில், துணியாலைகளை நம்பி வாழ்ந்த கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றையும் வெள்ளையினத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றையும் அவர் ஏறக்குறைய பத்தாண்டுகள் கூர்ந்து கவனித்தார். கறுப்பினக் குடியிருப்பில் கடிதம் வந்தால் அது வீட்டு முன்திண்ணையில் ஊரறியப் படிக்கப்படும். குழந்தைகள் மையத்தில் பிள்ளையைச் சேர்ப்பது பற்றி ஒரு தாய்க்குக் கடிதம் வந்தபோது, அவர் வாசிக்க வாசிக்க அக்கம்பக்கத்தார் தங்கள் பட்டறிவைச் சொல்லி, அதன் பொருளைக் கூடிப்பேசித் தெளிந்தார்கள். தனியே உட்கார்ந்து படிப்பவரைத்தான் அங்கே விநோதமாகப் பார்த்தார்கள். அந்தக் குழந்தைகளிடம் பெரியவர்கள் 'இது எதைப் போல இருக்கிறது?' என்று கேட்பார்கள். விடை தெரிந்துகொண்டே 'இது என்ன நிறம்?' என்று கேட்பது அங்கே வழக்கமில்லை. பள்ளிக்கூடமோ முதல் நாளிலிருந்தே அத்தகைய கேள்விகளால் ஆனது. ஒப்புமை காண்பதில் தேர்ந்த பிள்ளைகள் அங்கே மௌனமானார்கள். அந்த மௌனமே குறைபாடாகப் பதிவானது. வெள்ளையினக் குடியிருப்பில் தூங்குமுன் கதை படித்துக் காட்டினார்கள், பயிற்சிப் புத்தகங்கள் வாங்கித் தந்தார்கள். ஆனால் கற்பனையாகச் சொல்வதைப் பொய் என்று கண்டித்தார்கள். அந்தப் பிள்ளைகள் தொடக்க வகுப்புகளில் நன்றாகவே தேறி, சொந்தமாகச் சிந்தித்து எழுத வேண்டிய கட்டம் வந்ததும் பின்தங்கினார்கள்.

மூன்றாவது கிளை அதிகாரத்தைப் பற்றிப் பேசியது. 1970-களில் ஈரானின் மஷாத் நகருக்கு அருகே ஒரு கிராமத்தில் தங்கிய பிரையன் ஸ்ட்ரீட், மக்தப் எனப்படும் சமயப் பாடசாலையில் படித்தவர்களைக் கவனித்தார். நவீனக் கல்வியின் பார்வையில் அவர்கள் பின்தங்கியவர்கள். பழ வணிகம் பெருகியபோதோ பட்டியலும் ரசீதும் ஒப்பந்தமும் எழுதி அந்த வணிகத்தைத் தாங்கியவர்கள் அவர்களே. எது எழுத்தறிவு என்று தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வியை 1984-இல் வந்த தமது நூலில் ஸ்ட்ரீட் மையத்துக்குக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டிலும் இதற்கு இணையான ஒரு வரலாறு உண்டு. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெண்களைப் படிக்க வைத்தது. சைக்கிள் ஓட்டவும் வைத்தது. அந்த மாவட்டத்தில் களஆய்வு செய்த மானிடவியலாளர் ஃபிரான்சிஸ் கோடி, 2013-இல் வெளியிட்ட நூலில் கைநாட்டு, கையெழுத்து, கலெக்டரிடம் கொடுக்கும் மனு ஆகியவற்றையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். கைநாட்டு வைத்துவந்த ஒருவர் மனுவில் பெயரெழுதிக் கையெழுத்துப் போடுவதை நிமிடத்துக்கு எத்தனை சொல் படிக்கிறார் என்ற அளவுகோலால் அளக்க முடியாது. அரசு அலுவலகத்தில் அவர் நிற்கும் நிலை மாறுவதும் எழுத்தறிவின் விளைவுதான்.

நான்காவது கிளை தேர்வையே களமாக்கியது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வில்லியம் லபோவின் குழு எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பேட்டி கண்டபோது அவன் ஓரிரு சொற்களுக்கு மேல் பேசவில்லை. அடுத்த முறை பேட்டி கண்டவர் உருளைக்கிழங்கு வறுவலோடு வந்தார், சிறுவனின் நண்பனையும் அழைத்துக்கொண்டார், தரையில் உட்கார்ந்தார். பேச்சே வராதவன் என்று குறிக்கப்பட்டிருக்கக்கூடிய அதே பிள்ளை, நண்பனோடு போட்டி போட்டுக்கொண்டு பேசினான். இதைவிடத் துல்லியமான சான்று பிரேசிலின் ரெசிஃபே நகரத்துத் தெருக்களில் கிடைத்தது. அங்கே தெருவில் பொருள் விற்ற ஐந்து பிள்ளைகளை டெரெசின்யா கார்ரெஹரும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து 1985-இல் எழுதினார்கள். ஒரு தேங்காய் 35 க்ரூஸெய்ரோ என்றால் நான்கு தேங்காய் எவ்வளவு என்று வாங்குபவராக நின்று கேட்டபோது, மூன்றுக்கு 105 என்று தொடங்கி மேலும் ஒன்றைக் கூட்டி 140 என்று ஒரு பிள்ளை மனத்திலேயே சொன்னது. பின்னர் 35-ஐ 4-ஆல் பெருக்கச் சொன்னபோது, நாலைந்து இருபது, மிச்சம் 2-ஐ 3-உடன் கூட்டினால் ஐந்து, ஐந்நான்கு இருபது என்று போட்டு 200 என்று எழுதியது. மொத்தத்தில் வியாபாரத்தின்போது சரியான விடை 98 சதவீதம். கதைக் கணக்காகக் கேட்டபோது ஏறத்தாழ 74. வெறும் எண்களாகக் கொடுத்தபோது ஏறத்தாழ 37. ஆளும் ஒன்று, கணக்கும் ஒன்று. சூழல் மாறியதும் மூன்று மதிப்பெண்கள்.

இந்த ஆய்வு மரபுக்கு எழும் மறுப்புகளில் வலுவானது ஒன்று உண்டு: ஏழைகளிடம் உள்ளதைக் கொண்டாடிக்கொண்டே போனால், இல்லாததைப் பெற அவர்களுக்கு இருக்கும் உரிமை மறைந்துவிடும். இது வெறும் வாதம் அல்ல. கறுப்பினக் குழந்தைகளின் கல்விக்காக எழுதிய லிசா டெல்பிட், அதிகாரத்தில் இருப்போரின் மொழிமுறைகளை அந்தக் குழந்தைகளுக்கு வெளிப்படையாகக் கற்றுத்தர வேண்டும் என்று 1988-இல் வாதிட்டார். விக்டோரியா பர்செல்-கேட்ஸ் 1995-இல் எழுதிய ஆய்வு, எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரைக் கொண்ட ஓர் ஏழைக் குடும்பத்துக்கு அச்செழுத்து எவ்வளவு அந்நியமாக இருந்தது என்பதை மூடி மறைக்காமல் காட்டியது. ரெசிஃபே பிள்ளைக்கும் எழுத்துப் பெருக்கல் தேவை. அது இல்லாமல் பள்ளியின் மேல் வகுப்புகளுக்குப் போக முடியாது. ஆனால் கணக்கே வராத பிள்ளைக்குக் கற்றுத்தரும் பாடமும், மனக்கணக்கில் தேர்ந்த பிள்ளையை எழுத்துக் கணக்குக்கு அழைத்துவரும் பாடமும் ஒன்றாக இருக்க முடியாது. எந்தப் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் களஆய்வு சொன்ன பிறகே உரிய பாடம் அமையும். ஹீத்தின் ஆய்வில் ஆசிரியர்களே தம் மாணவர்களின் வீட்டு மொழியை ஆராய்ந்து, அதற்கேற்பப் பாடத்தை மாற்றியது இதற்காகத்தான்.

நான்கு தெருக்களைப் பார்த்துவிட்டு நாட்டுக்குக் கொள்கை வகுக்க முடியுமா, அரசுக்கு எண்கள் வேண்டாமா என்பது அடுத்த மறுப்பு. எண்கள் வேண்டும்தான். எண்களைக் கைவிட்டால், பள்ளிக்குப் போயும் படிக்கத் தெரியாத பிள்ளைகள் மீண்டும் கண்ணுக்குத் தெரியாதவர்கள் ஆவார்கள். பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் அசர் ஆய்வு கிராமத்து வீடுகளுக்கே போய், குழந்தைகளை ஒவ்வொருவராக எழுத்து, சொல், பத்தி, கதை என்று படிக்கச் சொல்லிப் பார்த்தது. பள்ளிக்கு வராத பிள்ளையும் அதில் இடம்பெற்றது. சோதிக்கும் இடத்தை மாற்றினால் பார்வைக்கு வரும் ஆட்களும் மாறுகிறார்கள் என்பதற்கு இது சான்று. பொருளியலாளர்கள் கௌசிக் பாசுவும் ஜேம்ஸ் ஃபாஸ்டரும் 1998-இல், படித்தவர் ஒருவர் இருக்கும் வீட்டில் வாழும் படிக்காதவரின் நிலை வேறு என்று சொல்லி அதற்கேற்ற அளவுகோலை வகுத்தார்கள். கரோலினாவின் முன்திண்ணையில் நடந்த கூட்டு வாசிப்பைக் கணிதத்தாலும் கைப்பற்ற முடியும் என்பது இதனால் தெரிகிறது. எண்ணும் களஆய்வும் பகைவர்கள் அல்ல. எதை எண்ண வேண்டும் என்று சொல்வது களஆய்வின் பணி; எவ்வளவு பரவலானது என்று சொல்வது எண்ணின் பணி.

ஆகவே இந்த மரபு நமக்கு விட்டுச்செல்லும் தரங்களைத் தெளிவாகவே சொல்லலாம். ஒரு சமூகத்தின் எழுத்தறிவு பற்றிய அறிக்கை, யார் கேட்டார், எந்த மொழியில் கேட்டார், எந்த இடத்தில், எந்தப் பனுவலை வைத்துக் கேட்டார் என்பதை மதிப்பெண்ணுக்கு அருகிலேயே குறிப்பிட வேண்டும். அந்த மக்கள் அன்றாடம் எதை எழுதுகிறார்கள், யாருக்காகப் படிக்கிறார்கள், யாரோடு சேர்ந்து படிக்கிறார்கள் என்பதைத் தேர்வு வடிவமைக்கும் முன்பே கண்டறிந்திருக்க வேண்டும். தேர்வில் தவறிய பிள்ளையை வேறொரு சூழலில் மறுபடி கேட்டுப் பார்க்காமல் 'தெரியாது' என்று முடிவு கட்டக்கூடாது. கண்டறிந்தவை வகுப்பறைக்குத் திரும்பி வந்து பாடத்தை மாற்ற வேண்டும். இவற்றுக்குக் காலமும் பணமும் கூடுதலாகும் என்பது உண்மை. ஆனால் தவறான மதிப்பெண்ணின் செலவு எந்த அரசுக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஏழைக் குழந்தை தன்னைப் பற்றிக் கொள்ளும் முடிவில் ஏறுகிறது. அந்தச் செலவைத் தவிர்ப்பது மதிப்பிடுபவரின் முதல் கடமை.